ஒரு வீட்டுக்கு இரண்டு கோப்புகளா?

மனநோய் வேறு, போதைப்பழக்கம் வேறு என்று பிரித்துப் பேசும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. முன்னதற்கு இரக்கம், பின்னதற்கு வெறுப்பு. ஒருவர் புத்தி பேதலித்துப் போனால் 'அல்லாஹ்வின் சோதனை' என்று பெருமூச்சு விடுகின்ற அதே வாய், அடுத்த தெருவில் குடித்து அழியும் வாலிபனைப் பற்றிப் பேச்சு வந்தால் 'அவனே தேடிக்கொண்டது' என்று முடித்துவிடுகிறது. தனிமனிதர் இவ்வாறு பிரித்துப் பார்ப்பதை அறியாமை என்று பொறுத்துக்கொள்ளலாம். அரசாங்கமே அப்படிப் பிரித்து, இரண்டு துறைகளையும் இரண்டு குழுக்களையும் இரண்டு கோப்புகளையும் வைத்துக்கொண்டிருப்பதை என்னவென்று சொல்வது? மாவட்ட அளவில் இவ்விரண்டையும் ஒரே ஆலோசனைக் குழுவின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே நம் வாதம்.

நம் வீடுகளிலேயே நிகழக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்து வந்த ஒருவர், ரமலான் பிறை கண்டதும் மனம் திருந்தி, அன்றோடு குடியை நிறுத்திவிடுகிறார். வீட்டில் உள்ளோர் மகிழ்ச்சியால் அழுகின்றனர். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவருடைய கைகள் நடுங்குகின்றன; வியர்த்துக் கொட்டுகிறது; உறக்கமில்லை. சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கூறுகிறார். இல்லாத ஆட்களோடு பேசுகிறார். சிலருக்கு வலிப்பும் வந்துவிடுகிறது. ஜின் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, ஓதிப் பார்க்க அழைத்துச் செல்கின்றனர். உண்மையில் அது, மதுவுக்குப் பழகிவிட்ட மூளை திடீரென்று மது கிடைக்காததால் தடுமாறும் நிலை. மருத்துவர் 'டெலிரியம்' என்பர். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்தும், தயமின் என்னும் வைட்டமின் ஊசியும் தராவிட்டால் உயிரே போகலாம். நீண்ட நாள் குடித்தவர் மருத்துவரைக் கண்ட பிறகே நிறுத்த வேண்டும் என்பதை எத்தனை குடும்பங்கள் அறியும்? துஆவை எவரும் தடுக்கவில்லை. துஆ செய்துகொண்டே ஆஸ்பத்திரிக்கும் செல்லலாம்.

இப்போது சொல்லுங்கள், இந்த மனிதர் எந்தத் துறையின் நோயாளி? குடி நோயாளியா, மனநோயாளியா? இதன் மறுபக்கமும் உண்டு. காதில் இல்லாத குரல்கள் கேட்கும் ஒருவர் அவற்றை அடக்குவதற்காகக் குடிக்கிறார். மனச்சோர்வில் அமிழ்ந்தவர் உறக்கத்துக்காகக் குடிக்கிறார். மனநோய்க்கு இடமுள்ள இளைஞனின் உடலில் கஞ்சா புகுந்து, மறைந்திருந்த நோயை வெளியே இழுத்துவிடுகிறது. வலி மாத்திரையைப் போதைக்காக விழுங்கும் பையனின் உள்ளத்தில் முதலில் இருந்தது எந்த வலி என்று கேட்பார் இல்லை.

சட்டம் இதை அறியாமலில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்கு வரைவிலக்கணம் தரும்போதே, மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைகளையும் அதில் சேர்த்தே சொல்கிறது. அச்சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால், சட்டப் புத்தகத்தில் ஒன்றாகச் சேர்ந்தவை அலுவலகங்களில் இன்றுவரை ஒன்றாகவில்லை. மனநலம் சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. போதையிலிருந்து மீட்கும் இல்லங்களுக்கு மானியம் தருவது சமூகநீதி அமைச்சகம். மாநிலத்துக்கு வந்தால் மக்கள் நல்வாழ்வு ஒரு துறை; மதுவிலக்கும் ஆயத்தீர்வையும் வேறொரு துறை. 2003 முதல் சில்லறை மது விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்ட டாஸ்மாக் நிறுவனம் 'மதுவிலக்கு' என்ற பெயர் தாங்கிய துறையின் கீழ்தான் இருக்கிறது. இதைப் பற்றி நாம் அதிகம் எழுத வேண்டியதில்லை. வாசகர்களே சிரித்துக்கொள்வார்கள், அல்லது அழுதுகொள்வார்கள்.

மாவட்டத்துக்கு வருவோம். 'நஷா முக்த் பாரத்' இயக்கம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15இல் 272 மாவட்டங்களில் தொடங்கியது. பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. அதற்கென மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு உண்டு. மனநலத்துக்கோ, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறுஆய்வு வாரியம் உண்டு. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோ ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியோ அதன் தலைவர், ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், வேறொரு மருத்துவர், நோயுற்றோர், அவர்களைப் பராமரிப்போர், தொண்டு நிறுவனத்தார் ஆகியோரிடையிலிருந்து இருவர். ஆக, ஆறு பேர். இந்த வாரியம் மனுக்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். 'இம்மாவட்டத்தில் எத்தனை படுக்கைகள் வேண்டும், எந்த ஊரில் மருந்து கிடைக்கவில்லை?' என்று தேடிக் கேட்பது அதன் வேலையன்று. போதைக் குழுவோ உறுதிமொழிகளிலும் ஊர்வலங்களிலும் காலம் கழிக்கிறது. ஆட்சியர் ஒருவரே, ஒரு குழுவில் அவர் தலைவர், மற்றொன்றில் அவருடைய பிரதிநிதி உறுப்பினர். ஆயினும் இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

இந்தப் பிரிவினையின் விலை என்ன? சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி, 2019இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறியது. மற்ற 37 பேர் எங்கே? நம் வீட்டுத் திண்ணைகளில்தான்.

'இவ்விரண்டையும் இணைப்பது நடவாத காரியம்' என்போர் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தைப் பார்க்கட்டும். அங்கு 58 கவுண்ட்டிகள்; நம் மாவட்டங்கள் போன்றவை. ஒவ்வொன்றிலும் மனநலத்துக்கென ஓர் ஆலோசனை வாரியம் இருந்து வந்தது. சில கவுண்ட்டிகள் போதைக்கான குழுவைத் தாமாகவே அதோடு இணைத்துக்கொண்டன. மற்றவை தனித்தனியே வைத்திருந்தன. 2024 மார்ச்சில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்தின்படி, 2025 தொடக்கத்திலிருந்து அந்த வாரியங்கள் மனநலத்தையும் போதைநோயையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை ஆயின. அந்த வாரியத்தில் பாதி இடங்கள் நோயுற்றவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் உரியவை. துறையில் சம்பளம் வாங்குவோர் அதில் உறுப்பினராக முடியாது. துறையின் திட்டத்தைப் பொதுமக்கள் முன் வைத்து விசாரணை நடத்துவதும், ஆண்டுதோறும் கவுண்ட்டி ஆட்சி மன்றத்துக்கு அறிக்கை தருவதும் அதன் கடமைகள். நம் மறுஆய்வு வாரியத்தின் ஆறு இடங்களில் இரண்டையும், இந்தப் பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால், கலிஃபோர்னியாவை அப்படியே நகலெடுக்கும்படி நாம் சொல்லவில்லை. அந்தச் சட்டம் 50 சதவீதத்தைச் சற்றே தாண்டித்தான் தேறியது. அங்கே 10 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளோரிடம், அந்த அதிகத் தொகைக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் மனநலத்துக்காக வரி வாங்கும் ஏற்பாட்டை மக்கள் 2004இல் செய்திருந்தனர். புதிய சட்டம் அந்தப் பணத்தைப் போதைச் சிகிச்சைக்கும் செலவிட இடம் தந்தது. வரி கூடவில்லை, பங்காளிகள் கூடிவிட்டனர் என்று எதிர்த்தவர்கள் வாதாடினர். இந்த அச்சத்தை நாம் புறந்தள்ளவில்லை. இங்கே மனநலத்துக்கு ஒதுக்கப்படுவதே கொஞ்சம். அதிலும் போதை ஒழிப்பு விளம்பரப் பலகைகள் பங்கு கேட்டால் மிஞ்சுவது என்ன? ஆகவே, குழு ஒன்றாகட்டும். கணக்கு இரண்டாகவே எழுதப்படட்டும். இரண்டு கணக்கையும் ஒரே மேசையில் விரித்து வைத்தால்தான் எதில் பணம் தேங்குகிறது, எதில் வறண்டு கிடக்கிறது என்பது தெரியும்.

இரண்டாவது மறுப்பு நம் சமுதாயத்துக்குள்ளிருந்தே வருகிறது. 'நோயாளியின் தாயாரைக் குடிகாரரோடு ஒரே சபையில் அமர்த்துவதா? ஹராமைச் செய்தவனுக்கு ஆசனமா?' என்கின்றனர். மது ஹராம் என்பதில் ஐயமில்லை. பாவம் செய்தவனுக்கு ஏற்பட்ட புண்ணுக்கு மருந்திடுவதும் ஹராமா என்பதே கேள்வி. இந்த வெட்கத்தால்தான் நம் குடும்பங்கள் குடி நோயை மறைக்கின்றன. நோய் முற்றி மனம் சிதறிய பின்பே வெளியே கொண்டுவருகின்றன. அப்போதும் ஆஸ்பத்திரியில் மது பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. மருத்துவர் பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழு மருந்து எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, காவல்துறையைப் பற்றியது. கடத்தலைத் தடுக்க மாவட்டந்தோறும் வேறொரு ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. அதை இதோடு சேர்க்கக் கூடாது என்பதில் நாம் பிடிவாதமாகவே இருக்கிறோம். பயன்படுத்துகிறவன் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், சிறு அளவுக் குற்றத்துக்கு வழக்கு இல்லை என்று 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவில் கூறுகிறது. காக்கிச் சட்டை அமர்ந்திருக்கும் அறைக்குள் எந்தப் பையன் தானாக முன்வருவான்?

குழு என்றால் உட்கார்ந்து தேநீர் அருந்துவதற்கன்று, போய்ப் பார்ப்பதற்கு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநோயாளர் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. உரிமம் வேண்டும் என்று சொல்லும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் இருந்தது. அந்தக் கொட்டகைகளின் வாசலில் நின்று 'உள்ளே யார் இருக்கிறார்கள்?' என்று கேட்கத்தான் ஆள் இல்லை. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் முற்றாகத் தடை செய்துவிட்டது. எனினும், போதை மீட்பு இல்லம் என்ற பலகையின் பின்னே அடைத்து வைத்து அடிப்பதாகச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மனநல இல்லத்தைப் பார்வையிட ஒரு குழு, மீட்பு இல்லத்தைப் பார்வையிட இன்னொரு குழு என்றிருந்தால், தப்ப நினைப்பவன் பெயர்ப்பலகையை மாற்றிக்கொள்வான். இரண்டுக்கும் ஒரே கண் இருந்தால் அவன் எங்கே மறைவான்?

ஏர்வாடிக்குப் பின் நன்மையும் விளைந்தது. குஜராத்தில் உனாவா என்னும் ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிய 'தவா-துஆ' முறை, அதாவது மருந்தும் வேண்டுதலும் ஒருசேர நடப்பது, ஏர்வாடிக்கும் வந்தது. நம்பிக்கையோடு வருவோரை விரட்டாமல், வந்த இடத்திலேயே மருத்துவரைச் சந்திக்க வைக்கும் இந்த ஏற்பாட்டில் தர்காப் பொறுப்பாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து அமர முடிந்தது. அவர்களால் முடிந்தது இரண்டு அரசுத் துறைகளால் முடியாதா?

இணைந்த குழுவில் பாதி இடங்களையேனும் நோயிலிருந்து மீண்டோருக்கும், குடியை விட்டோருக்கும், அவர்களைப் பராமரிப்போருக்கும் சட்டப்படி எழுதிவைக்க வேண்டும். பராமரிப்போரில் பெண்களே மிகுதி என்பதால் அவர்களுக்குத் தனியே இடம் வேண்டும். முத்தவல்லிகளும் ஜமாஅத் தலைவர்களும் தாமே அந்த நாற்காலிகளில் அமர்ந்துகொள்ளாமல், மஹல்லாவில் இந்தத் துன்பத்தை அனுபவித்த உம்மாவையோ மனைவியையோ அனுப்பிவைக்க வேண்டும். கூட்டத்தை மஃரிபுக்குப் பின் கலெக்டர் அலுவலக மாடியில் வைத்தால் அவர்களில் ஒருவரும் வர மாட்டார்கள். பகல் நேரத்தில், தாலுகா ஆஸ்பத்திரியில் வைத்து, பேருந்துக் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் கொடுத்தனுப்ப வேண்டும்.