தாயானால்தான் எங்களுக்கு ரத்தமா?

எனக்கு முதன்முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை நடந்தது 19 வயதில், வயிற்றில் மூன்று மாதப் பிள்ளையோடு நின்றபோது. எதற்கு ரத்தம் எடுக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து மகப்பேறு அட்டையை நானே எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். என் கணவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

பந்தலூர்ப் பக்கம் பணியர் குடியிருப்பில் பிறந்தவள் நான். எங்கள் பெண்களில் நான் கேட்டவர்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். பிள்ளைக்குத் தொற்றிவிடக் கூடாது என்று தாயின் ரத்தத்தைப் பார்க்கிறது அரசு. அதில் தவறில்லை. பிள்ளை சுமக்காதவளின் உயிர் உயிரில்லையா?

"நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம்தானே, போக வேண்டியதுதானே" என்பார்கள். எஸ்டேட்டில் ஒருநாள் கூலியை இழந்து, பஸ் ஏறிப் போய், அந்தக் கதவுக்கு முன் உட்கார்ந்தால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்காமல் பரிசோதிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம். நல்லது. ஆனால் 18 வயது ஆகாதவளுக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்புதல் தர வேண்டும். 17 வயதுப் பெண் இதற்கு அப்பாவையா கூட்டிப்போவாள்? விரும்பியவனோடு இருந்தேன் என்று அவள் சொன்னாலும், போக்சோ சட்டப்படி ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். அவள் எப்படி வாய் திறப்பாள்?

வேடிக்கை என்னவென்றால், எச்.ஐ.வி. பாதித்த குடும்பத்தைப் பக்குவமாக நடத்தும் 12 வயதுப் பிள்ளை, தம்பி தங்கையின் சிகிச்சைக்குப் பாதுகாவலராக இருக்கலாம் என்கிறது அதே சட்டம். தம்பிக்கு வைத்தியம் பார்க்கப் போதுமான பக்குவம், தன் ரத்தத்தை அறிந்துகொள்ள மட்டும் போதாதா?

சிக்கிள் செல் ரத்தசோகைக்கு 2023இல் தேசியத் திட்டமே வந்தது. 40 வயது வரை ஆண், பெண் எல்லோருக்கும் பழங்குடிக் கிராமத்திலேயே ரத்தம் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த முகாமிலேயே எச்.ஐ.வி. பரிசோதனையும் வேண்டுமா என்று கேட்கலாமே! கேட்டுத்தான் செய்ய வேண்டும். பழங்குடி என்றாலே நோய் என்று முத்திரை குத்த ஊசியோடு வராதீர்கள்.

16 வயதானவள் தனக்குத் தானே ஒப்புதல் தரட்டும், சட்டத்தைத் திருத்துங்கள். எங்கள் பாஷை பேசும் ஒரு பெண், கதவு சாத்திய ஓர் அறை, வேண்டாம் என்று சொல்லும் உரிமை, தொற்று இருந்தால் அலையவிடாமல் மருந்து. கேட்பது இவ்வளவுதான்.

என் மகளுக்கு இப்போது 16 வயது. அவள் ரத்தத்தை மதிக்க, அவள் கர்ப்பமாகும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்.