ஐந்து வருடங்களின் பின் திறந்த வாகனச் சந்தை: புதிய காருக்கு நாம் உண்மையில் எவ்வளவு செலுத்துகிறோம்?

2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபா வரை ஏறி, பின்னர் 300 ரூபாவை அண்டி நின்றது. பத்து வருடம் ஓடிய கார்கள்கூட, வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குக் கைமாறின.

இந்தப் பின்னணியில்தான் எமது சமூகத்தின் நடுத்தரக் குடும்பங்கள் பல இப்போது முதன்முறையாக வாகனக் காட்சியறைகளின் படியேறுகின்றன. ஆசிரியத் தம்பதியினர், இளம் வைத்தியர்கள், கட்டாரிலோ சவூதியிலோ உழைத்துத் திரும்பியவர்கள், சிறு வியாபாரிகள் எனப் பலரும் இதில் அடங்குவர். இவர்களுக்கு முச்சக்கர வண்டி வாங்கிய அனுபவம் இருக்கலாம். ஊரில் தெரிந்த ஒருவரிடம் பழைய வேன் வாங்கிய அனுபவமும் இருக்கலாம். புத்தம் புதிய காரை முகவரிடம் வாங்குவது அவற்றிலிருந்து வேறுபட்ட விடயமாகும். இங்கே பேரம் பேசும் இடம் மிகக் குறைவு. ஒப்பமிட வேண்டிய பத்திரங்களோ ஏராளம். நட்டமும் இலாபமும் அந்தப் பத்திரங்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

விலையில் பெரும் பகுதி வரியே

வாகன இறக்குமதியை அரசாங்கம் மீண்டும் திறந்ததற்கு மக்களின் போக்குவரத்துத் தேவை மாத்திரம் காரணமல்ல. சர்வதேச நாணய நிதியத்துடனான வேலைத்திட்டத்தின் கீழ் அரச வருமானத்தை உயர்த்த வேண்டிய கட்டாயம் இருந்தது. துறைமுகத்தில் வைத்தே அறவிடக்கூடிய வாகன வரி அதற்கு இலகுவான வழியாக அமைந்தது.

2025 இல் இறக்குமதி மீண்டும் ஆரம்பித்தபோது நடைமுறைக்கு வந்த வரிக் கட்டமைப்பைப் பாருங்கள். முதலில் 20 வீத சுங்கத் தீர்வை. அந்தத் தீர்வையில் 50 வீதம் மேலதிகக் கட்டணம். அடுத்து, எஞ்சினின் சி.சி. கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்படும் உற்பத்தி வரி. மின்சார வாகனமாயின் மோட்டாரின் கிலோவாட் வலு இதற்கு அடிப்படையாகும். குறிப்பிட்ட பெறுமதியைத் தாண்டிய வாகனங்களுக்குச் சொகுசு வரியும் உண்டு. சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி போன்றவற்றைச் சேர்த்த தொகையின் மீது 18 வீத வற் வரி விதிக்கப்படுகிறது. அதாவது வரிக்கும் வரி செலுத்துகிறோம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, உற்பத்தி வரி பிரதானமாக எஞ்சினின் கொள்ளளவைப் பார்ப்பதாகும். வாகனத்தின் விலை அதற்குப் பெரிய பொருட்டல்ல. ஒரே கொள்ளளவுடைய இரண்டு கார்களில், இந்தியாவிலிருந்து வரும் மலிவான காருக்கும் ஜப்பானிலிருந்து வரும் விலை கூடிய காருக்கும் இந்த வரி ஒரே அளவில் விழுகிறது. எனவே விகிதாசாரப்படி பார்த்தால், மலிவான காரை வாங்குபவரின் தோளிலேயே கூடிய சுமை ஏறுகிறது. முதன்முறையாகக் கார் வாங்கும் நடுத்தர வர்க்கத்தினர் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே நிற்கின்றனர்.

இதனால் வாங்குபவருக்கு நடைமுறை விளைவொன்று உண்டு. நாணய மாற்று வீதமோ வரியோ மாறினால் விலையும் மாறும் என்ற வாசகம் முகவர் தரும் விலைப் பத்திரத்தில் அநேகமாக இருக்கும். முற்பணம் செலுத்தி விட்டுக் கப்பலுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் ஏற்படும் விலை உயர்வு உங்கள் தலையிலேயே விழும். 2025 நடுப்பகுதியில், மோட்டார் வலு எத்தனை கிலோவாட் என்ற சர்ச்சையில் பெருந்தொகையான மின்சாரக் கார்கள் சுங்கத்தில் தடுத்து வைக்கப்பட்டதை நாம் பார்த்தோம். பதிவு செய்து காத்திருந்தவர்களுக்கு அந்தத் தகராறில் எந்தப் பங்கும் இருக்கவில்லை. ஆனால் தாமதம் அவர்களுக்கே வந்தது.

ஆகவே முற்பணம் கொடுக்கும் முன்னர் மூன்று கேள்விகளுக்கான பதிலை எழுத்தில் பெற வேண்டும். விலை உறுதியானதா, மாறக்கூடியதா? கையளிக்கும் திகதி எது, அது தாண்டினால் என்ன பரிகாரம்? நாம் விலகிக் கொண்டால் முற்பணம் முழுமையாகத் திரும்பக் கிடைக்குமா? விற்பனைப் பிரதிநிதி வாயால் சொன்னது பத்திரத்தில் இல்லையெனில், பிற்பாடு அதை நிரூபிக்க வழியில்லை.

எட்டு வீதம் எப்படிப் பதினான்கு வீதமாகிறது?

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஒரு வாகனத்திற்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்ற உச்ச எல்லையை மத்திய வங்கி விதிக்கிறது. 2025 ஜூலையில் தனியார் கார்களுக்கு அது பெறுமதியின் 60 வீதமாக இருந்தது. இந்த எல்லை காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதால், வாங்கும் நாளில் உள்ள எல்லையைக் கேட்டறிந்து கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். காரின் விலை 80 இலட்சம் ரூபா என்று வைத்துக் கொள்வோம். 32 இலட்சத்தை நீங்கள் போடுகிறீர்கள். மிகுதி 48 இலட்சத்தை ஐந்து வருடத் தவணையில் பெறுகிறீர்கள். 'வருடத்துக்கு எட்டு வீதம்தான், பிளாட் ரேட்' என்று சொல்லப்படுகிறது. 48 இலட்சத்தில் எட்டு வீதம் 3 இலட்சத்து 84 ஆயிரம். ஐந்து வருடத்துக்கு 19 இலட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 67 இலட்சத்து 20 ஆயிரத்தை 60 ஆல் பிரித்தால் மாதத் தவணை 1 இலட்சத்து 12 ஆயிரம் ரூபா.

நீங்கள் மாதாமாதம் செலுத்துவதால் மீதிக் கடன் குறைந்து கொண்டே வருகிறது. ஆயினும் கடைசி வருடத்திலும் முழு 48 இலட்சத்துக்குமே எட்டு வீதம் கணக்கிடப்பட்டுள்ளது. குறைந்து செல்லும் மீதியின் அடிப்படையில் கணக்குப் பார்த்தால், இதே தவணை வருடத்துக்குச் சுமார் 14 வீதத்துக்குச் சமமாகும். 80 இலட்சம் ரூபா கார் கடைசியில் 99 இலட்சத்து 20 ஆயிரமாகிறது. காப்புறுதியும் பதிவுக் கட்டணமும் இதற்குப் புறம்பானவை.

எனவே வீதத்தைக் கேட்டுத் திருப்தியடையாமல், 'மொத்தமாக எவ்வளவு செலுத்துவேன்?' என்று கேட்க வேண்டும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிட அந்த ஒரு தொகை போதும். அத்துடன் ஆவணக் கட்டணம், தாமதக் கட்டணம், முன்கூட்டியே முடித்தால் கிடைக்கும் கழிவு என்பவற்றையும் விசாரிக்க வேண்டும்.

பெயர்ப் பலகை மாத்திரம் போதாது

வட்டியைத் தவிர்க்க விரும்பும் எமக்கு இன்று மாற்று வழிகள் உள்ளன. 2005 இல் வங்கிச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழிதிறந்தது. அமானா வங்கி 2011 இல் தனி வங்கியாகச் செயற்பட ஆரம்பித்தது. வழமையான வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதற்கென வேறான பிரிவுகளை நடத்துகின்றன. முராபஹா, இஜாரா ஆகிய பெயர்கள் இப்போது எல்லோருக்கும் பரிச்சயம்.

ஆனால் 'இஸ்லாமியப் பிரிவு' என்று கேட்டதும் பத்திரத்தை வாசிக்காமலே ஒப்பமிடும் பழக்கம் எம்மிடம் இருக்கிறது. இது சரியல்ல. முராபஹாவின் அடிப்படை, நிறுவனம் வாகனத்தைத் தான் வாங்கித் தன் உடைமையாக்கிய பின்னர் இலாபம் சேர்த்து எமக்கு விற்பதாகும். தன்னிடம் இல்லாததை விற்கலாகாது என்ற நபிவழியே இதன் அத்திவாரம். நிறுவனம் முகவரிடமிருந்து வாங்கியதற்கான ஆவணம் எது, எந்தத் திகதி, எமது ஒப்பந்தம் அதற்குப் பின்னர்தான் எழுதப்பட்டதா என்று கேட்பதற்கு எமக்கு உரிமையுண்டு.

இஜாரா என்றால் வாகனம் நிறுவனத்தின் சொத்து, நாம் செலுத்துவது வாடகை. அப்படியாயின் விபத்தில் வாகனம் முற்றாக அழிந்தால் வாடகை நிற்குமா? காப்புறுதிச் செலவை யார் ஏற்கிறார்கள்? தவணை பிந்தினால் அறவிடப்படும் தொகை நிறுவனத்தின் வருமானத்தில் சேர்கிறதா, தர்ம நிதிக்குச் செல்கிறதா? இவற்றுக்குத் தெளிவான பதில் தரும் நிறுவனத்தை நம்பலாம். 'எங்கள் ஷரீஆ சபை எல்லாம் பார்த்துக் கொள்ளும்' என்று மாத்திரம் சொல்லும் நிறுவனத்திடம் மறுபடியும் கேட்க வேண்டும்.

இலாப வீதமும் பிளாட் முறையில் சொல்லப்படலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. மேலே பார்த்த கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறு அல் பகரா 282ஆவது வசனம் எமக்குக் கட்டளையிடுகிறது. எழுதியதை வாசிக்காமல் விடுவது அந்தக் கட்டளையின் நோக்கத்தையே வீணாக்குவதாகும்.

கையேற்கும் முன்னர்

உத்தியோகபூர்வ முகவரிடம் வாங்கும் புதிய காருக்கும், தனியார் இறக்குமதியாளர் கொண்டுவரும் 'பதிவு செய்யப்படாத' காருக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதில் உற்பத்தி நிறுவனத்தின் உத்தரவாதம் கிடைக்கும். இரண்டாவதில் கிடைப்பது பெரும்பாலும் இறக்குமதியாளரின் வாக்குறுதியே. விலை வித்தியாசம் சிறிதெனில், உத்தரவாதமே பெறுமதியானது. உதிரிப்பாகங்கள் உங்கள் ஊருக்குக் கிட்டிய நகரில் கிடைக்குமா என்பதும் முக்கியம். சம்மாந்துறையிலோ மூதூரிலோ இருப்பவர் ஒவ்வொரு சேர்விஸுக்கும் கொழும்பு செல்ல முடியாது.

செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் ஆவணங்களுடன் பொருந்துகின்றனவா என்று நேரில் பாருங்கள். உற்பத்தி வருடத்தைக் கவனியுங்கள். 2026 இல் பதிவாகும் கார் அதற்கு முந்திய வருடத்தில் தயாரிக்கப்பட்டதாக இருக்கலாம். மீள விற்கும்போது சந்தை பார்ப்பது உற்பத்தி வருடத்தையே. வாகனப் பதிவுக்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம் 2025 ஏப்ரல் முதல் கட்டாயம் என்பதால், அதனை முன்கூட்டியே பெற்றுக் கொள்ளுங்கள். தவணையில் வாங்கும் காரின் பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளராக நிறுவனத்தின் பெயரே இருக்கும். கடன் முடிந்ததும் அதை நீக்குவது உங்கள் பொறுப்பு.

காப்புறுதியாயினும் தகாஃபுலாயினும், வெள்ளப் பாதிப்பு உள்ளடக்கப்பட்டுள்ளதா என்று தனியாகக் கேளுங்கள். பல காப்புறுதிகளில் அது மேலதிகக் கட்டணத்துடன் சேர்க்கப்படும் ஒன்றாகும். அக்குறணை, கொலன்னாவை, வெல்லம்பிட்டி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யார் செய்ய வேண்டியது எது?

இவ்வளவையும் தனியொருவர் கேட்டறிய வேண்டியிருப்பதே ஒரு குறைபாடு. அரசாங்கத்துக்கு வரி கிடைக்கிறது, முகவருக்கு விற்பனை இலாபம் கிடைக்கிறது, நிதி நிறுவனத்துக்குத் தவணை கிடைக்கிறது. மூவருக்கும் பணம் கொடுப்பவரின் பக்கத்தில் எவரும் இல்லை. காரின் விலையில் வரி எவ்வளவு என்பதைக் காட்சியறையிலேயே காட்டுமாறும், தவணைகளை உண்மையான வருடாந்த வீதத்திலும் மொத்தத் தொகையிலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தருமாறும் கட்டாயப்படுத்துவது பெரிய காரியமல்ல. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் மத்திய வங்கியும் மனம் வைத்தால் செய்யக்கூடியதே. ஷரீஆ சபைகளும் தாம் அங்கீகரித்த ஒப்பந்தங்களின் விளக்கத்தைச் சாதாரண தமிழில் வெளியிட வேண்டும்.

அதுவரை வாங்குபவரிடம் உள்ள ஒரே பலம் அவசரப்படாமல் இருப்பதாகும். இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில் 'இன்று வாங்காவிட்டால் நாளை விலை ஏறும்' என்ற பயம் நியாயமானதாக இருந்தது. இப்போது கப்பல்கள் வருகின்றன, தெரிவுகள் உள்ளன. காரை முதலீடாகக் கருதிய காலமும் முடிவுக்கு வருகிறது. அயலவர் வாங்கிவிட்டார் என்பதற்காகவோ, மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்க்கிறார்கள் என்பதற்காகவோ ஐந்து வருடத் தவணையைச் சுமக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். தவணைப் பணத்தைக் கட்டிய பின்னர் பிள்ளைகளின் கல்விக்கும் வீட்டுச் செலவுக்கும் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து கணக்கிட்டு, அந்தத் தொகை போதுமென்று இருவருக்கும் பட்டால் மாத்திரம் காட்சியறைக்குச் செல்லுங்கள்.