எச் எழுத்துக்கு அஞ்சிய இரண்டு நாட்கள்



சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, ஃபஜ்ரு தொழுகைக்குப் பின், திண்டிவனத்தில் உள்ள ஒரு பரிசோதனை நிலையத்தில் என் தாயாருக்கு இரத்தம் எடுத்தோம். வழக்கமான பரிசோதனைதான். திங்கட்கிழமை புதுச்சேரியில் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்ததால், அதற்குள் முடிவுகள் கையில் இருக்கட்டும் என்று எண்ணினோம். லுஹருக்குள் அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. வந்த வேகத்தில் ரியாத்தில் இருக்கும் என் தம்பிக்கும் போய்ச் சேர்ந்தது. நம் வீடுகளில் இது புதிதல்ல; மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே வளைகுடா பார்த்துவிடுகிறது.

அறிக்கையில் நான்கு இடங்களில், அளவு கூடுதல் என்பதைக் குறிக்கும் 'எச்' என்ற எழுத்து தடித்து நின்றது. மொத்தக் கொழுப்பு 214, கெட்ட கொழுப்பு 138, இ.எஸ்.ஆர். 42, மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி 6.6. தம்பி கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "6.5க்கு மேல் என்றால் சர்க்கரை நோய்தான், அம்மாவுக்குச் சோற்றை நிறுத்துங்கள்" என்றான். பக்கத்து வீட்டுச் சகோதரி வெந்தயப் பொடியுடன் வந்தார். தாம் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையில் பாதியைக் கொடுக்கவும் முன்வந்தார். நல்ல மனம்தான். அல்லாஹ்வின் அருளால் அதை நாங்கள் வாங்கவில்லை. அம்மாவோ இரண்டு நாட்களும் சரியாக உண்ணாமல், "அல்லாஹ் நாடியது நடக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மருத்துவர் அந்த நான்கு எழுத்துகளையும் ஒரு பார்வையில் கடந்துவிட்டார். அவருடைய விரல் நின்றது, குறைவு என்பதைக் குறிக்கும் 'எல்' எழுத்தின் மேல். ஹீமோகுளோபின் 9.2. இரத்தச் சிவப்பணுக்களின் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 69, அது 80க்குக் குறையக் கூடாது. இவ்விரண்டையும் நாங்களும் பார்த்திருந்தோம், ஆனால் பொருட்படுத்தவில்லை. பெண்களுக்கு இரத்தம் குறைவாகத்தான் இருக்கும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிப் பேருக்கு மேல். எல்லாருக்கும் இருப்பதால் அது நோயில்லை என்று ஆகிவிடுமா? அதுவும் என் தாயாருக்கு வயது 62. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன ஒருவருக்கு இரும்புச்சத்து ஏன் குறைய வேண்டும் என்பதுதான் மருத்துவரின் கேள்வி.

"வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அம்மா சற்றுத் தயங்கி, எட்டு மாதமாக மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் மூட்டுவலி மாத்திரையைப் பற்றிச் சொன்னார். எனக்கு அது முற்றிலும் புதிய செய்தி. நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதை அவர் அறிவார். ஆனால் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்யாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. முழங்கால் மடங்குவதற்காக, நாளுக்கு இரண்டு வலி மாத்திரை.

உள்நோக்குக் கருவி வழியே பார்த்தபோது இரைப்பையில் புண் இருந்தது. அதிலிருந்து சிறிது சிறிதாக இரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த உடலில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார். புதிய சிவப்பணுக்கள் உருவாவது மந்தமானால், பழைய அணுக்களே மிகுந்திருக்கும். நாள்பட்ட அணுக்களில் சர்க்கரையும் மிகுதியாக ஒட்டியிருக்கும். அதே அறிக்கையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108 என்றுதான் இருந்தது. 126க்கு மேல் போனால்தான் அது நோயின் எல்லை. நான்கு மாதச் சிகிச்சைக்குப் பின் ஹீமோகுளோபின் 11.9, எச்பிஏ1சி 6.0. அல்ஹம்துலில்லாஹ். கவனமாக இருக்க வேண்டிய எல்லைக்கோடுதான், ஆனால் நோயின் அளவு அன்று.

இதை எழுதுவதற்குக் காரணம், அறிக்கையைப் படிக்காதீர்கள் என்று சொல்வதற்காக அல்ல. அறிக்கை பாதிச் செய்தி மட்டுமே. மறுபாதி நம் வீட்டில் இருக்கிறது என்பதே என் கருத்து. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் கிடைக்கும் அந்த ஓரிரு நாட்களை, முதல் பாதிக்குப் பொருள் தேடுவதில் செலவிடுகிறோம். மறுபாதியைத் திரட்டுவதில்லை.

அந்த 'எச்', 'எல்' எழுத்துகளைப் போடுவது கணினி. நலமாக இருக்கும் பலரின் இரத்தத்தைச் சோதித்து, அவர்களில் நடுவிலுள்ள 100க்கு 95 பேரின் அளவுகள் எதற்குள் அடங்குகின்றனவோ, பெரும்பாலான பரிசோதனைகளில் அதையே இயல்பு எல்லையாக வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பரிசோதனையிலும் நலமானவர்களிலேயே 100க்கு 5 பேர் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், எந்த நோயும் இல்லாத மனிதருக்கும் ஏதேனும் ஓரிடத்தில் அடையாளம் விழும் வாய்ப்பு 100க்கு 64. முழு உடல் பரிசோதனை என்று 60, 70 அளவுகளைத் தள்ளுபடி விலையில் எடுத்துவிட்டு உறக்கம் இழப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். எங்களை மிரட்டிய இ.எஸ்.ஆர். கூட வயதாலும் இரத்தசோகையாலும் தானே ஏறக்கூடியது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. அடையாளம் எதுவும் இல்லாமலேயே கவனிக்க வேண்டிய அளவு இருக்கலாம். கிரியேட்டினின் 1.1 என்பதைப் பல நிலையங்கள் இயல்பு என்றே அச்சிடுகின்றன. 25 வயது இளைஞருக்கு அதைக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 95. 70 வயது மூதாட்டிக்கு அதே 1.1, ஏறத்தாழ 54. அறுபதுக்குக் கீழே நீடித்தால் மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்குகிறார்கள். அந்த மூதாட்டி வலி மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் சொல்லவே வேண்டாம், அது சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

வெறும் வயிறு என்பதிலும் நம்மவர்களிடம் ஒரு குழப்பம் உண்டு. என் தாயார் அதை நோன்பாகவே எடுத்துக்கொண்டு, முதல் நாள் இஷாவுக்குப் பின் தண்ணீரும் அருந்தவில்லை. பரிசோதனைக்குத் தேவை இரவு முழுதும் உணவில்லாத 8 முதல் 12 மணி நேரம். வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். தேநீர்தான் கூடாது. ரமலானில் சிலர் அஸருக்குப் பின் சென்று, நோன்பு வயிறுதானே என்று இரத்தம் கொடுக்கிறார்கள். அந்த அளவை விடியற்காலை அளவுகளோடு ஒப்பிடுவது சரியாகாது. எந்த நேரத்தில் எடுத்தது, கடைசியாக எப்போது உண்டது என்பதைத் தாளிலேயே எழுதிவிடுங்கள். சோதனைக்காகச் சிறிதளவு இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பது அறிஞர்களில் பெரும்பான்மையோரின் கருத்து. ஆகவே சர்க்கரை நோயாளிகள் நோன்பின்போது விரலில் குத்திப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை. 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிடும்படி சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமலான் வழிகாட்டி கூறுகிறது.

இப்போது எங்கள் வீட்டில் அறிக்கை வந்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்கிறோம். அம்மா சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதுகிறோம்: மருந்துக்கடை மாத்திரை, நாட்டு மருந்து, சூரணம், கருஞ்சீரக எண்ணெய் உட்பட. அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்கிறோம். எடை குறைந்ததா, மலம் கறுத்துப் போகிறதா, மூச்சு வாங்குகிறதா என்பதையும் குறிக்கிறோம். பெண்கள் இவற்றை மகனிடம் சொல்லக் கூசுவார்கள் என்பதால் என் மனைவிதான் கேட்கிறார். பழைய அறிக்கைகளைத் தேதி வரிசையில் அடுக்குகிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியர் பார்த்துச் சொல்லும் இரத்த அழுத்த, சர்க்கரை அளவுகளும் அதில் சேரும். சென்ற ஆண்டு 12.5 இருந்த ஹீமோகுளோபின் இப்போது 9.2 என்றால், அந்த இறக்கமே மருத்துவருக்குப் பெரிய செய்தி. அன்று எங்களிடம் பழைய தாள் ஒன்றுகூட இல்லை.

எல்லா முடிவும் திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடியதும் அன்று. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே, பொட்டாசியம் 6க்கு மேல், சர்க்கரை 300க்கு மேல் சென்று வாந்தியும் சோர்வும் இருப்பது போன்றவற்றுக்கு அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். திண்டிவனம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் எல்லாம் நமக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, விதியின் மேல் பழி போட்டு வீட்டில் இருப்பது அழகன்று.

தம்பி இப்போதும் அறிக்கையைக் கேட்கிறான்; அனுப்புகிறேன். ஆனால் அவன் கைப்பேசியில் தேடுவதற்கு முன் அம்மாவை அழைத்து, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். அம்மா நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கும் பழக்கத்தைத்தான் இன்னும் முழுமையாக விட்டபாடில்லை; தேநீர் அந்தச் சத்தை உடலில் சேரவிடாது என்று மருத்துவர் இருமுறை சொல்லிவிட்டார். அடுத்த மாதம் மீண்டும் இரத்தம் எடுக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், இம்முறை தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வஸ்ஸலாம்.