லடாக்கின் டீசலும் சமவெளியின் அறிவுரையும்

லடாக்கில் டீசல் கார் வைத்திருப்போர் குளிர்காலத்தில் எரிபொருள் தொட்டியின் அடியில் தீ மூட்டுவதையும், டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதையும் 'அறியாமை' என்று முத்திரை குத்துவது சமவெளி அறிவாளர்க்கு எளிதாயிருக்கிறது. யாருடைய அறியாமை?

டீசலில் பாரஃபின் மெழுகு இயல்பாகவே கரைந்திருக்கிறது. கடுங்குளிரில் அது படிகமாகப் பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும். எஞ்சின் பட்டினி கிடக்கும். திராஸில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழ் 20 பாகையையும் தாண்டி இறங்குவதுண்டு. அங்கே மண்ணெண்ணெய் கலப்பவர் மெழுகு பிரிவதைத் தள்ளிப்போடுகிறார். அதில் வேதியியல் பிழை ஏதுமில்லை. தீ மூட்டுவது ஆபத்துதான், அதை மறுப்பாரில்லை. மண்ணெண்ணெய்க்கும் விலையுண்டு. அதன் மசகுத்தன்மை குறைவு, ஆகவே உயர் அழுத்தப் பம்பு தேய்கிறது. அதன் கந்தகம், 10 பிபிஎம் டீசலுக்கென வடிவமைக்கப்பட்ட பிஎஸ்-6 வண்டியின் புகைச் சுத்திகரிப்புக் கருவிகளைக் கெடுக்கிறது. பழுதுச் செலவு முழுவதும் உரிமையாளர் தலையில்.

ஐரோப்பாவின் இஎன் 590 தரநிர்ணயம் ஆர்க்டிக் குளிருக்கெனத் தனி வகைகளையே வகுத்திருக்கிறது. லடாக்குக்கென, பூஜ்யத்துக்குக் கீழ் 33 பாகை வரை பாயும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்தியது 2019 நவம்பரில்தான். அதைத் தயாரித்தது பானிப்பட்டு ஆலை. சந்திரனிலிருந்து வந்த தொழில்நுட்பமன்று. அதற்கு முந்தைய குளிர்காலங்களில் எல்லாம் ஓட்டுநர் வேறென்ன செய்திருக்க வேண்டும்?

சில பிஎஸ்-6 டீசல் வண்டிகளுக்கு வேண்டிய யூரியாக் கரைசலோ பூஜ்யத்துக்குக் கீழ் 11 பாகையிலேயே உறைகிறது. அறியாமையைத் தேடுவோர் லே நகரின் பணிமனைகளை விட்டுவிட்டு, இந்த வண்டிகளுக்கு எழுதப்படும் பராமரிப்புக் கையேடுகளில் குளிர்காலத்துக்கு எத்தனை பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.