அவரிடமே கேட்டுவிடலாமே

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரிய நிலநடுக்கம். அந்தச் சமயம் காந்திஜி தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்னிந்தியாவில் இருந்தார். திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று சொல்லிவிட்டார்.

தாகூருக்குப் பொறுக்கவில்லை. அவரும் தீண்டாமையை வெறுத்தவர்தான். ஆனால் பூமி அதிர்ந்ததற்குக் காரணத்தை இயற்கையில்தான் தேடவேண்டும் என்பது அவர் கட்சி. என்னைக் கேட்டால் தாகூர் சொன்னதே சரி. இடிபாட்டில் செத்த ஏழை எந்தப் பாவம் செய்தான்?

நான் வியப்பது வேறொன்றை. மறுப்பை எழுதி முடித்த தாகூர் அதை நேரே பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. காந்திஜிக்கே அனுப்பி, செய்தியில் வந்தபடிதான் பேசினீர்களா என்று கேட்டார். காந்திஜியும் மழுப்பவில்லை. அந்த மறுப்பைத் தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே போட்டு, பக்கத்தில் தம் பதிலையும் எழுதினார்.

இருவரும் தங்கள் கருத்திலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நட்பும் கெடவில்லை. இரண்டு வருஷம் கழித்து, விசுவபாரதிக்குப் பணம் சேர்க்க அந்த வயதில் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த தாகூருக்கு 60,000 ரூபாய் ஏற்பாடு செய்து கொடுத்தவர் காந்திஜிதான்.

எங்கள் காலை நடைக் கோஷ்டியில் இரண்டு பேர் ஏழு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் ஏதோ சொன்னதாக மூன்றாமவர் வந்து சொன்னாராம். சொன்னீரா என்று அவரிடம் இன்றுவரை யாரும் கேட்கவில்லை. இருவருக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது.