தகரப்பெட்டி வைத்தியம்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் பாடங்கேட்டபொழுது யாம் வியந்ததொன்றுண்டு. அதன் பத்துக் குறள்களுட் பெரும்பாலன உணவின் அளவையே பேசுகின்றன. இறுதிக் குறளோ, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு, அருகிருந்து மருந்தூட்டுவோனையும் மருத்துவத்தின் ஓருறுப்பாக எண்ணுகின்றது. இல்லத்தில் அந்நான்காம் பணியை எம் அன்னையார் செய்தனர். விடுதியில் அதனைச் செய்வார் யாவர்? எம் அறையிலிருந்த பழைய பிஸ்கட்டுத் தகரப்பெட்டியே செய்துவந்தது.

அப்பெட்டியுட் கிடந்த மாத்திரைகளுட் பல பெயரற்றவை. கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து நான்கு தருங்கால், பெயரும் காலாவதி நாளும் மறுபாதியோடு போய்விடுகின்றன. வெண்மையானது தலைவலிக்கு, மஞ்சள் சளிக்கு என நிறங்கண்டு மருந்தறியும் புலமை எம் அறையினர்க்கே உரியது போலும்!

அப்புலமையின் பயனைச் சென்ற ஆண்டு கண்டோம். தொண்டைப்புண்ணிற்கென மருத்துவர் ஐந்து நாளைக்கு எழுதித் தந்த அமாக்சிசிலினை, நோவு தணிந்ததும் மூன்றாம் நாளே நிறுத்தி, எஞ்சியவற்றைப் பெட்டியிலிட்டோம். மழைக்காலத்தில் அறைத்தோழர் ஒருவர்க்குத் தொண்டை கட்டியது. அன்பின் மிகுதியால் அவற்றுள் ஒன்றை யாமே எடுத்துக் கொடுத்தோம். ஒரு நாழிகைக்குள் அவருடலெங்கும் தடிப்பெழுந்தது, உதடு வீங்கியது, மூச்சு முட்டிற்று. அம்மருந்து பெனிசிலின் இனத்தது. இளமையில் அவ்வினம் அவர்க்கு ஒவ்வாமற்போனதை அவர்தம் அன்னையார் அறிவார், அவரோ மறந்திருந்தார். மாத்திரையின் பெயரை அவரும் வினவிலர், யாமும் கூறிலேம். விடுதிக் காப்பாளர் நள்ளிரவில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு விரைந்ததனாற் பிழைத்தார்.

ஓர் அட்டையில் யாம் செய்த பிழை இரண்டு. பெனிசிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் ஆற்றிய நோபல் பரிசுரையிலேயே, அளவிற் குறைந்த மருந்து கிருமியைக் கொல்லாது, அம்மருந்தை எதிர்த்து நிற்கவே பழக்கும் என எச்சரித்துள்ளார். மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாத இத்தகு மருந்துகளின் அட்டையிற் செங்கோடு ஒன்று நெடுக அச்சிடப்பட்டிருக்கும். அதன் பொருளை நம் அரசு 2016இல் நாடெங்கும் விளம்பரஞ் செய்தும், யாம் அதனை ஓர் அலங்காரமென்றே எண்ணியிருந்தோம்!

பாராசிட்டமால் எளியதாயிற்றே என்பாருளர். காய்ச்சலுக்கென 650 மில்லிகிராம் மாத்திரையை உண்பவர், சளிக்கென உண்ணும் வேறு மாத்திரையினுள்ளும் பலகால் அதுவே கலந்திருத்தலை அறியார். வளர்ந்தோர்க்கு ஒரு நாளைக்கு அதன் உச்ச அளவு 4 கிராம். மீறின் கல்லீரல் கெடும். காய்ச்சல் டெங்குவாயின், இபுபுரோபனும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவை மிகுவிக்கும்.

ஆதலின், விடுதிதோறும் மருந்துகளைப் பெயரும் நாளுஞ் சிதையாமற் காத்து, ஒவ்வாமையை வினவியறிந்து தருவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தல் வேண்டுமென்பது எம் கருத்து. மாணவர் தத்தம் எஞ்சிய மாத்திரைகளை நட்பின் அடையாளமாக வழங்குதல் அடியோடு ஒழிதல் வேண்டும். அதற்குச் செலவாகுமே எனில், அந்நள்ளிரவை நேரிற் கண்ட எம்மிடம் அவ்வாதம் செல்லாது.

அத்தோழர் இப்பொழுது தம் ஒவ்வாமையை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துள்ளார். தகரப்பெட்டியில் ஊசியும் நூலும் சட்டைப் பொத்தான்களும் உள.