சட்டசபைப் பிரதிநிதியும் சங்க அங்கத்தினரும்

புதுவைக் கிராமங்களில் வாய்க்கால் தூர்ந்து போனாலும், தெருவிளக்கு எரியாவிடினும், முதியோர் உதவித்தொகை நின்றாலும், நெசவாளர் சங்கத்திற்கு நூல் வந்து சேரத் தாமதமானாலும் மக்கள் நாடிச் செல்லும் வாயில் ஒன்றே. அது தொகுதியின் சட்டசபைப் பிரதிநிதியின் வீட்டு வாயில். இவ்வழக்கத்தை நாம் இயல்பானதென்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். இஃது இயல்பானதுதானா, கூட்டுறவாளராகிய நமக்கு நன்மை தருவதுதானா என்று ஆராய்தல் நம் கடமை. அரசாங்க ஊழியம் புரிபவன் கட்சி பேசுதல் முறையன்று. ஆதலின் எக்கட்சியையும் உயர்த்தவோ தாழ்த்தவோ நான் முற்படவில்லை. ஒரு கிராமத் தொகுதியின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, அதனின்று சங்க அங்கத்தினர் அறியத் தக்கதைச் சொல்வேன்.

அத்தொகுதி நெட்டப்பாக்கம். புதுவை நகருக்குத் தென்மேற்கே, சுற்றிலும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் நிற்க, நடுவே அமைந்த வேளாண் பகுதி அது. 1954 மார்ச் இறுதியில், பிரெஞ்சு ஆட்சி நீங்குமுன்னரே, இந்தியக் கொடி ஏற்றப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. அவ்வட்டாரத்து மடுகரையைச் சேர்ந்தவர் வி. வெங்கடசுப்பா ரெட்டியார். விடுதலை இயக்கத்தில் உழைத்துப் பொதுவாழ்வுக்கு வந்த அவர், 1959 தேர்தலுக்குப் பின் பிரதிநிதித்துவ சபையின் அரசாங்கக் கவுன்சிலுக்குத் தலைமை தாங்கினார். 1963 ஜூலை 1-இல் அச்சபை சட்டசபையாக மாறியது. எதுவார் குபேர் முதல் முதன்மந்திரியானார். மறு ஆண்டு நடைபெற்ற தேர்தலுக்குப் பின், 1964 செப்டம்பரில், அப்பதவி ரெட்டியாரிடம் வந்தது. கிராமத்து விவசாயக் குடும்பத்தார் ஒருவர், பிரெஞ்சுப் படிப்பும் நகரச் செல்வாக்கும் கோலோச்சிய ஊரில் ஆட்சித் தலைமை ஏற்றது அந்நாளில் சிறிய செய்தியன்று.

ஆயினும் அத்தலைமை நிலைத்து நின்றதா? 1967 ஏப்ரலில் அவர் பதவி நீங்கினார். 29 வயதே நிரம்பிய எம். ஓ. எச். பரூக் முதன்மந்திரியானார். ஓராண்டு கழியுமுன், 1968 மார்ச்சில், ரெட்டியார் மீண்டும் வந்தார். ஆறு திங்களில், அவ்வாண்டு செப்டம்பரில், அம்மந்திரிசபையும் முடிந்து ஜனாதிபதி ஆட்சி ஏற்பட்டது. ஒரே சட்டசபையின் ஆயுளுக்குள் மூன்று மந்திரிசபைகள்! முப்பதே பேர் தேர்ந்தெடுக்கப்படும் அவையில் இருவர் இடம் மாறினால் ஆட்சி ஆட்டம் காண்கிறது. இஃது அக்காலத்தோடு ஒழிந்த நோயுமன்று. 2021 பிப்ரவரியில் உறுப்பினர் சிலர் பதவி விலகியமையால், வேறொரு மந்திரிசபை தன் காலம் முடியுமுன்னரே கவிழ்ந்ததை நாம் கண்டோம்.

தந்தைக்குப் பின் மைந்தர் வெ. வைத்திலிங்கம் அதே நெட்டப்பாக்கத்திலிருந்து பல தேர்தல்களில் சட்டசபைக்குச் சென்றார். 1991 முதல் 1996 வரை முழுக் காலமும் முதன்மந்திரியாக இருந்தார். 2008 செப்டம்பரில் இரண்டாம் முறை அப்பதவி ஏற்று, 2011 வரை வகித்தார். 2011 தேர்தலில் நெட்டப்பாக்கம் அட்டவணை வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்ட தொகுதியாயிற்று. அவர் காமராஜ் நகர்த் தொகுதியில் நின்று வென்றார்; 2016-இல் சபாநாயகரானார்; 2019-இலும் 2024-இலும் புதுவையின் பாராளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நெட்டப்பாக்கத்தில் புதிய குடும்பங்களிலிருந்து பிரதிநிதிகள் வந்தனர். ஆட்கள் மாறினர், கட்சிகள் மாறின. வாயிலில் காத்து நிற்கும் கூட்டம் மட்டும் மாறவில்லை. அது ஏன் என்பதே நம் கேள்வி.

இதற்குச் சொல்லப்படும் முதற் காரணம் தொகுதியின் அளவு. 2021 தேர்தலின்போது புதுவையில் ஏறத்தாழ 10 லட்சம் வாக்காளர், தொகுதிகள் 30. ஆகவே ஒரு தொகுதிக்குச் சராசரி முப்பத்து மூவாயிரம் பேர். அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் அதே ஆண்டு 234 தொகுதிகளுக்கு 6 கோடியே 28 லட்சம் வாக்காளர். அங்கே ஒரு தொகுதிக்குச் சராசரி இரண்டரை லட்சத்திற்கும் மேல். நம் பிரதிநிதி தம் வாக்காளரைக் குடும்பம் குடும்பமாக அறிவார். கலியாணத்திற்கும் வருவார், துக்கத்திற்கும் வருவார். சில நூறு வாக்குகளே வெற்றி தோல்வியை நிர்ணயிக்கக் கூடுமாதலால், கேட்பவர் எவரையும் வெறுங்கையுடன் அனுப்ப அவர் துணிவதில்லை. இக்காரணம் மெய்யே. ஆனால் இது மட்டுமே காரணமன்று.

மற்றொரு காரணம் நம் கண்ணெதிரே இருந்தும் நாம் காணத் தவறுவது. அதை அறிய 1954-க்கே திரும்ப வேண்டும். அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. அந்த 178 பேர் யாவர்? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர் ஒரு பகுதியினர்; பெரும்பாலோர் கொம்யூன்களின் முனிசிபல் சபை உறுப்பினர். அதாவது, இம்மண்ணின் விதியை நிர்ணயித்தவருள் மிகுதியானோர் வடிகாலையும் சாலையையும் கவனிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்ப் பிரதிநிதிகளே. பிரெஞ்சுக்காரர் 1880-இல் ஏற்படுத்திய கொம்யூன் முறையில் குறைகள் மலிந்திருந்தன. தேர்தல் முறைகேடுகளுக்கு அக்காலப் புதுவை பேர் போனது. எனினும் ஒவ்வொரு கொம்யூனுக்கும் ‘மேர்’ என்ற தலைவர் ஒருவர் இருந்தார். ஊர்க் குறையை அவரிடம் சொல்லலாம். அவர் தவறினால் அவரையே குறை சொல்லலாம்.

அந்நாற்காலிகள் பின்னர் என்னவாயின? ரெட்டியார் இரண்டாம் முறை முதன்மந்திரியாக இருந்த அதே 1968-இல் ஸ்தல ஸ்தாபனங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. அடுத்த தேர்தல் நடைபெற்ற ஆண்டு 2006. இடையே 38 ஆண்டுகள்! 1973-இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் முனிசிபாலிட்டிச் சட்டமும் இயற்றப்பட்டன, தேர்தல் இல்லை. பஞ்சாயத்துகளுக்கு ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தல் நடத்த வேண்டுமென்ற அரசியல் சாசனத் திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்தது. அப்போதும் உடனே நடைபெறவில்லை. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறாமலே நின்றுவிட்டது. கடற்கரைச் சாலையிலுள்ள பழைய ‘மேரி’ கட்டடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து வீழ்ந்தது. அதே தோற்றத்தில் அதனை மீண்டும் எழுப்பி 2021-இல் திறந்து வைத்தனர். கல்லும் சுண்ணாம்பும் திரும்பி வந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட மேர் அன்று திரும்பி வரவில்லை.

இவ்விடத்தில்தான் சட்டசபைப் பிரதிநிதியின் செல்வாக்குப் பெருகிற்று. வார்டு உறுப்பினர் செய்ய வேண்டியதும், பஞ்சாயத்துத் தலைவர் செய்ய வேண்டியதும், கொம்யூன் தலைவர் செய்ய வேண்டியதும் அவர் ஒருவர் தலைமேல் வந்து குவிந்தன. அவர் அனைத்தையும் அபகரித்துக்கொண்டார் என்று சொல்வது நியாயமாகாது. காலியாகக் கிடந்த இடங்களின் பாரம் அவர்மீது விழுந்தது என்பதே உண்மை. ஆனால் பாரத்தோடு அதிகாரமும் வந்தது. வந்த அதிகாரத்தை எவரும் எளிதில் திருப்பித் தரமாட்டார் என்பதும் மனித இயற்கை. இதில் அவருக்கும் நஷ்டம் உண்டு. வரவு செலவுத் திட்டத்தைப் படித்து வினா எழுப்பவும், மசோதாவில் ஒரு பிரிவைத் திருத்தக் கோரவும் வேண்டிய பொழுதை, சான்றிதழுக்கும் சிபாரிசுக் கடிதத்திற்கும் கையொப்பமிட்டே அவர் கழிக்கிறார். சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவரை நாம் ஊர்மணியக்காரராக மாற்றிவிட்டோம்.

கூட்டுறவுச் சங்கத்திற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு. பஞ்சாயத்தில் தேர்தல் இல்லாதபோது கிராமத்தில் மக்களே வாக்களித்து நடத்தத் தக்கதாக எஞ்சியிருப்பது சங்கம் ஒன்றே. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட உழைப்பாளிகள் ஒரு கடை தொடங்கினார்கள். 1904-இல் சென்னை ராஜதானியின் முதல் கடன் சங்கம் திரூரில் பதிவாயிற்று. அந்நாள் தொட்டு இவ்வியக்கத்தின் உயிர்நிலை ஒரு கொள்கையே: பங்கு எவ்வளவாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு. நூறு காணி உடையவனும் குத்தகைக்கு உழுபவனும், பத்துத் தறி உடையவனும் கூலிக்கு நெய்பவனும் மகாசபையில் சமமே.

இவ்வுரிமையை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? தணிக்கை செய்யச் செல்லுமிடங்களில் நான் மினிட்டுப் புத்தகத்தைப் பார்ப்பதுண்டு. மகாசபைக்கு வந்தோர் கையொப்பம் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. கணக்கைப் படித்ததாகவும், ஏகமனதாக அங்கீகரித்ததாகவும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கிறது. நிர்வாக சபையின் காலம் முடிந்து, தேர்தல் நடைபெறாவிடில் சட்டப்படி அரசாங்க அதிகாரி ஒருவர் நிர்வாகியாக நியமிக்கப்படுகிறார். அவர் வேறு பல வேலைகளுக்கிடையே இதையும் பார்ப்பவர். அங்கத்தினரோ, ‘நிர்வாகி இருக்கிறார், நமக்கென்ன’ என்று இருந்துவிடுகிறார்கள். பஞ்சாயத்து நாற்காலி காலியானது நம் குற்றமன்று எனலாம். சங்க நாற்காலி காலியாகும்போதும் நாம் வாய் திறவாதிருந்தால் அது யார் குற்றம்?

நாற்காலி காலியானதும் சிபாரிசு நுழைகிறது. கடன் வசூலிக்கப் போனால், ‘தேர்தல் வருகிறது, தள்ளுபடி வரும்’ என்ற பதில் வருகிறது. தவணை தவறாமல் கட்டியவன் ஏமாந்தவனாகவும், கட்டாதவன் புத்திசாலியாகவும் கருதப்படுகிறான். விற்பனை தாங்கும் அளவுக்கு மேல் சங்கத்தில் ஆட்கள் சேர்க்கப்படுகின்றனர். பின்னர் அவர்கட்கே சம்பளம் பாக்கி நிற்கிறது. வேலை வாங்கித் தந்தவரைப் புகழ்ந்தோம். வியாபாரம் நலிந்தபோது எவரைக் கேட்பது? நெசவாளியின் கூலியிலும் விவசாயியின் பங்குத் தொகையிலும்தான் அந்நஷ்டம் வந்து விடிகிறது.

‘பிரதிநிதியிடம் போகாமல் காரியம் நடக்குமா? தள்ளுபடி மானியமும் நூல் மானியமும் அரசாங்கத்திடமிருந்து வர வேண்டியவையல்லவா?’ என்று அனுபவஸ்தர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பிரதிநிதியிடம் போகவே கூடாதென்று நான் கூறவில்லை. எதற்குப் போவது, எவ்வாறு போவது என்பதிலேதான் பேதம். தனியொருவர் தம் மகனுக்கு வேலை கேட்டுப் போவது யாசகம். சங்கத்தின் மகாசபை கூடி, பண்டிகைத் தள்ளுபடிக்குரிய மானியம் எவ்வளவு பாக்கி, அது வராமையால் எத்தனை நெசவாளிகளின் கூலி நின்றது என்று கணக்குடன் தீர்மானம் நிறைவேற்றி, தலைவரும் இரு அங்கத்தினரும் அதனைக் கொண்டு சேர்ப்பது உரிமை. யாசகத்திற்கு அவர் தம் விருப்பப்படி விடை தரலாம். உரிமைக்குச் சட்டசபையிலே விடை தேட வேண்டியவராகிறார். அவர் அங்கே எழுப்பிய வினாவும் அதற்குக் கிடைத்த விடையும் யாதென்று அடுத்த மகாசபையில் கேளுங்கள். அவ்வாறு கேட்கப்படும் பிரதிநிதி விரைவில் நல்ல பிரதிநிதியாவார். நல்லவராக வர விரும்பியும் வாயிற்கூட்டத்தால் இயலாதிருந்தவர்க்கு அதுவே பெரிய உதவியுமாகும்.

நெட்டப்பாக்கத்தின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே. முதன்மந்திரி பதவியும் ஆறு திங்களில் நீங்கக் கூடும். தலைமுறையாக நின்ற தொகுதியும் ஓர் எல்லைச் சீரமைப்பில் மாறக் கூடும். ஒரு மனிதரின் செல்வாக்கையே தூணாகக் கொண்ட சங்கம், அவர் பதவி இழந்த அன்றே கூரை சரிந்து நிற்கும். அங்கத்தினரின் வாக்கையும் ஒழுங்கான கணக்கையும் தூணாகக் கொண்ட சங்கத்திற்கு எந்த மந்திரிசபை வந்தாலும் போனாலும் கவலையில்லை.

ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். மகாசபை அறிவிப்பு வந்தால் அன்று வயல் வேலையையும் தறி வேலையையும் அரை நாள் நிறுத்திவிட்டு வருதல் வேண்டும். கணக்குப் படிக்கப்படும்போது விளங்காததை எழுந்து கேட்டல் வேண்டும். நிர்வாக சபையின் காலம் முடிவதற்கு முன்பே தேர்தல் கோரிப் பதிவாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தல் வேண்டும். ஸ்தல ஸ்தாபனத் தேர்தலையும் இதே குரலில் கேட்க நமக்குத் தகுதி அப்போதுதான் வரும். தம் சங்கத்து நாற்காலியைத் தாமே நிரப்பத் தெரிந்தவர்கள், ஊர் நாற்காலி காலியாயிருப்பதை நெடுங்காலம் பொறுக்கமாட்டார்கள்.